நாலு டாக்டரைப் பார்த்தீர்கள், வேலையைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கடை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப்புடவை செக்‌ஷனில் ஏழு வருடமாக வேலை. காலை 9:30-க்கு உள்ளே போனால் இரவு 9:30. சாப்பிட அரை மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் லீவு, ஆடிக்கும் தீபாவளிக்கும் அதுவும் கிடையாது. சம்பளம் 14,000. நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. அலமாரியில் சாய்ந்தால் 50 ரூபாய் ஃபைன். கழிப்பறை மொட்டைமாடியில். சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதுவும் நாளைக்கு இரண்டு தடவைதான். இரண்டு வருடம் முன்பு புது ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்தபின் நிலைமை மோசமாகியிருக்கிறது. கஸ்டமர் வெறுங்கையோடு எழுந்து போனால், எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, “சோறு திங்கத்தான் வர்றியா?” என்று கேட்கிறார். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால், “என்ன, அந்த மூணு நாளா? இல்ல வேற ஏதாவதா?” என்று கேட்டுச் சிரிக்கிறார். பயத்தில் மற்றவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

எதற்கு இந்த வம்பு என்று பகலில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார் வாசகி. எட்டு மாதத்தில் மூன்று முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலும். சாயங்காலமானால் கால் வீங்குகிறது, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸிலிருந்து கடையின் போர்டு தெரிந்ததுமே நெஞ்சு படபடக்கிறது. இரவு மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் இல்லை. முடி கொட்டுகிறது, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, பிள்ளையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். பொது மருத்துவர், மகப்பேறு மருத்துவர், இதய மருத்துவர், தோல் மருத்துவர் என்று நாலு பேரைப் பார்த்தாயிற்று. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்லம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா பயந்த கோளாறு என்று கயிறு கட்டிவிட்டிருக்கிறார். கணவர், “எல்லா இடத்துலயும் மேல இருக்கவன் திட்டத்தான் செய்வான்” என்கிறார்.

அவர் கேட்பது: “டாக்டரம்மா, எனக்கு உடம்பு வலுவில்லையா, மனசு வலுவில்லையா? சத்து டானிக் ஏதாவது சொல்லுங்கள். வேலையை விட்டுவிடலாமா? விட்டால் ஏழு வருஷ உழைப்பு வீண்தானே?”

முதலில், ஆறாம் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “பஸ் லேசாக மோதி ஒரு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் தேவலை என்று தோன்றும்.” கடிதத்திலேயே என்னை அதிகம் நிறுத்திய வரி இதுதான். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள் நான். இதே வாக்கியத்தை மில் தொழிலாளியிடமும் கேட்டிருக்கிறேன், நர்ஸிடமும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இதற்கு “எனக்கு ஓய்வு வேண்டும், ஆனால் கேட்க வழியில்லை” என்பதுதான் பொருள். சில சமயம் அதற்கும் மேலே போகும். உயிரோடு இருக்க வேண்டாம் என்கிற நினைப்பு எப்போதாவது வந்திருந்தால், இந்தப் பதிலை இத்துடன் மடித்து வைத்துவிட்டு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ பேசுங்கள். இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கணவரிடமும் இந்த ஒரு வரியை மட்டுமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். திட்டு வாங்குவதை அவர் சாதாரணமாக நினைக்கலாம். இதையும் அப்படி நினைப்பார் என்று நான் நம்பவில்லை.

டானிக் கேட்டீர்கள்

எழுதித் தர மாட்டேன். உங்கள் உடம்பு வலுவில்லாத உடம்பு அல்ல. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்று, நூறு புடவையை விரித்து, அதே நூறையும் மடித்து வைக்கிற உடம்பு அது.

1700-ஆம் ஆண்டுவாக்கில் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மற்ற மருத்துவர்களுக்குச் சொன்னவர். நின்றே வேலை செய்பவர்களுக்குக் காலில் நரம்பு புடைப்பதை அப்போதே எழுதி வைத்திருக்கிறார். முந்நூறு வருடம் ஆகிவிட்டது. உங்கள் நாலு டாக்டரில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் தொழிலைச் சேர்ந்தவர்களின் தவறு அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் சொல்லவில்லை. சிறுநீரை ஒரு டாக்டரிடமும், முடியை இன்னொருவரிடமும், நெஞ்சை மூன்றாமவரிடமும் பிரித்துக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிற கயிறு, காலை 9:30-லிருந்து இரவு 9:30 வரை இருக்கும் அந்த இடம், எந்தச் சீட்டிலும் ஏறவே இல்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சிறுநீர் கழிக்கும்போதுதான் உள்ளே ஏறப் பார்க்கிற கிருமிகள் வெளியே அடித்துச் செல்லப்படும். தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் மணிக்கணக்கில் அடக்கினால் அவை அங்கேயே பெருகும். ஆறு மாதத்தில் இரண்டு முறையோ வருடத்தில் மூன்று முறையோ வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்கிறோம். உங்களுக்கு வந்திருப்பது அதுதான். ஒவ்வொரு முறையும் மெடிக்கலில் அதே ஆன்டிபயாடிக்கை வாங்கி விழுங்குவது இதற்குத் தீர்வாகாது; யூரின் கல்ச்சர் பார்த்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று தெரிந்துகொண்டு சாப்பிட வேண்டும். பகலில் விட்டதையெல்லாம் சேர்த்து இரவு ஒரு லிட்டர் குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி விழிப்பில் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

காலுக்கு வருவோம். கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போதுதான் கீழே இறங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. நடந்தால் அது நடக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் தேங்கி, ரத்தக்குழாயின் வால்வுகள் தளர்ந்துபோகும். அரை மணிக்கு ஒருமுறை கவுன்ட்டருக்குப் பின்னால் குதிகாலை இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். புடவை மறைக்கும், யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் கால் மணி நேரம் காலைச் சுவரில் உயர்த்தி வைத்துப் படுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

படபடப்புதான் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறது. ஈ.சி.ஜி. நார்மல், ஆகவே நான் நடிக்கிறேனோ என்று உங்களையே சந்தேகப்படுகிறீர்கள். குளிரூட்டிய அறையில் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி., கடை போர்டைப் பார்த்ததும் என்ன நடக்கிறது என்று எப்படிக் காட்டும்? தெருநாய் துரத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது அல்லவா, அதே ஏற்பாடுதான் இது. நாய் போய்விட்டால் உடம்பு அடங்கிவிடும். உங்கள் நாய் வாரத்தில் ஆறு நாள் வருகிறது. அடங்க நேரமில்லாமல் அதே ரசாயனங்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் தூக்கம் கெடும், மாதவிலக்கு தவறும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும், ரத்த அழுத்தம் ஏறும். ‘மனசால் வந்தது’ என்றால் ‘பொய்யாக வந்தது’ என்று அர்த்தமில்லை.

லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கும் மேற்பட்டவர்களை 1985-லிருந்து ஆய்வாளர்கள் வருடக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். நாற்காலியும் நிரந்தர வேலையும் பென்ஷனும் உள்ளவர்கள். அவர்களிலேயே, தன் வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. மேலதிகாரி தன்னை நியாயமாக நடத்துகிறார் என்று சொன்னவர்களுக்குக் குறைவாக வந்தது. நேரத்தின் கணக்கு வேறு இருக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் உங்களுக்கு 69 மணி நேரம் வருகிறது. 34 வயதில் நாளைக்கே ஏதோ ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் நாலு டாக்டர் பார்த்தும் பி.பி. எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. அதைப் பாருங்கள்.

மெடிக்கலில் வாங்கும் அந்த இரண்டு மாத்திரை

கால்வலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக், தூக்கத்துக்கு ஆல்பிரசோலம். முதலாவதை இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத்தான் முதலில் தொடும். வயிற்றையும் புண்ணாக்கும், பி.பி.யையும் ஏற்றும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும். இரண்டாவதை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நாலு மாதமாகச் சாப்பிடுகிறீர்கள்; சட்டென்று விட்டால் கை நடுக்கம், தூக்கமே இல்லாத இரவுகள், அபூர்வமாக வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. உங்கள் தெருக்கடைக்காரர் பழகிய முகம் என்று கொடுத்திருப்பார், நல்லெண்ணத்தில்தான்.

அம்மா கட்டிய கயிறு இருக்கட்டும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

அந்த 105 ரூபாய்

“சம்பளத்தில் ஏதோ 105 ரூபாய் பிடிப்பார்கள், என்னவென்று தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். 14,000-க்கு 0.75 சதவீதம் போட்டால் சரியாக 105 வரும். அது இ.எஸ்.ஐ. சந்தா. உங்கள் பேரில் முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். ஏழு வருடமாகப் பணம் கட்டிவிட்டு, நாலு தனியார் டாக்டருக்குக் கைக்காசு கொடுத்திருக்கிறீர்கள்! கடை அலுவலகத்தில் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை, கேட்டால் யாரும் சந்தேகப்படப் போவதுமில்லை. நீங்களும் கணவரும் பிள்ளையும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டலாம்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பணமாகக் கிடைக்கும். இந்த உதவித்தொகை வாங்குகிற காலத்தில் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்குவதை இ.எஸ்.ஐ. சட்டம் 1948-லிருந்தே தடுத்து வந்திருக்கிறது. பஸ் மோத வேண்டியதில்லை அம்மா. ஓய்வுக்கு வழி உங்கள் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது.

அங்கே போனதும் முதல் வாக்கியமாக வேலையைச் சொல்லுங்கள். “12 மணி நேரம் நின்று வேலை, கழிப்பறைக்குப் போகக் கட்டுப்பாடு” என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘தேவைப்படும்போது கழிப்பறை செல்லவும் இடையிடையே உட்காரவும் அனுமதிக்க வேண்டும்’ என்று ஒரு குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அதை மேனேஜரிடம் கொடுப்பது புகார் ஆகாது, மருத்துவ ஆலோசனைதான். யாரையும் குற்றம் சொல்லாத காகிதம் என்பதால் ஆபத்து குறைவு. நாளைக்கு விவகாரம் முற்றினால் தேதியிட்ட சாட்சியமாகவும் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது, என்ன செய்யாது

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தரவில்லை, அதனால் நமக்குச் சட்டமெல்லாம் கிடையாது என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. சம்பளச் சீட்டும் இ.எஸ்.ஐ. பதிவும் நீங்கள் ஊழியர் என்பதற்குப் போதிய ஆதாரம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வாங்கினால் இரட்டைச் சம்பளம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. ஃபைனும் இஷ்டத்துக்குப் போட முடியாது: விளக்கம் கேட்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், தொகை சம்பளத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

2021 செப்டம்பரில் அந்தச் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது அது. கேரளம் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரப் பெண்ணும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் வருடக்கணக்கில் போராடிப் பெற்றது. அவர்களும் முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். உட்காரும் உரிமை பிறகு வந்தது. (இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. “இன்னும் நாலு எடுத்துப் போடும்மா” என்று மணிக்கணக்கில் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வந்தவள்தான் நானும். அதன்பிறகு அந்தப் பெண் என்ன திட்டு வாங்கினாள் என்று நினைத்ததே இல்லை.)

அந்த ‘மூணு நாள்’ கேலிக்கு வருவோம். “அவர் என்னைத் தொடவில்லையே, அது எப்படி அந்தக் கேஸில் வரும்?” என்கிறீர்கள். வரும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாலியல் தொனியுள்ள பேச்சும் பணியிடப் பாலியல் துன்புறுத்தல்தான். அத்தகைய பேச்சோடு சேர்ந்து, உடல்நலத்தைப் பாதிக்கும்படி அவமானப்படுத்துவதையும் அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ விடுப்போ கேட்கலாம். முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். 181 மகளிர் உதவி எண்ணில் வழி சொல்வார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இத்தனையும் காகிதத்தில் இருப்பவை. நடப்பையும் சொல்ல வேண்டும். தனியாகப் புகார் கொடுத்தவரைக் குடோனுக்கு மாற்றுவார்கள், பேச்சுக் கிளப்புவார்கள், மற்ற பெண்கள் ஒதுங்குவார்கள். அதிகாரி ஆய்வுக்கு வரும் அன்று மட்டும் ஸ்டூல் முளைக்கும். அதனால் புகார் கொடுக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தயாராகிக் கொடுங்கள். இன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். செல்போனைக் கடையில் வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்பதால், திரும்பும் பஸ்ஸிலேயே எழுதிவிடுங்கள். பயந்து சிரிக்கிற அந்தப் பெண்களில் இருவருக்காவது நீர்க்கடுப்பு இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மெல்லக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேர் கையெழுத்துடன் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போகும் மனுவை ஒருவர் மனுபோல எளிதில் ஒதுக்க முடியாது.

விடலாமா?

விடலாம். ஆனால் இப்போது இருக்கும் நிலையில், தூக்கமில்லாமல், கோபத்தில், ஒரு காலைப்பொழுதில் வீசி எறிந்துவிட்டு வராதீர்கள். ஏழு வருஷம் வீண் என்பதும் தவறான கணக்கு. ஐந்து வருடம் முடித்தவருக்கு, தானாக விலகினாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். உங்கள் 14,000 முழுதும் அந்தக் கணக்கில் வருமானால் ஏறக்குறைய 56,500 ரூபாய். பி.எஃப். பிடித்திருந்தால் அது தனி.

என்னைக் கேட்டால், முதலில் சிகிச்சை, பிறகு மருத்துவ விடுப்பில் மூன்று நாலு வாரம் ஓய்வு, அந்த ஓய்வில் முடிவு. கடையைப் பார்க்காத இரண்டாவது வாரத்தில் படபடப்பு அடங்கித் தூக்கம் வந்தால், உங்கள் முதல் கேள்விக்கு உடம்பே பதில் சொல்லிவிடும். அப்போதும் அடங்காவிட்டால் மனநலச் சிகிச்சையை முழுதாகத் தொடங்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கலாம், சரியாகும். வேறு கடையில் சேர நினைத்தால் சம்பளத்தை மட்டும் விசாரிக்காமல், அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை தடவை விடுவார்கள் என்று கேளுங்கள். சம்பளம் ஆயிரம் குறைந்தாலும், டாக்டருக்கும் மெடிக்கலுக்கும் நீங்கள் கொடுப்பதைக் கழித்துப் பார்த்தால் நட்டம் இருக்காது.

அடுத்த லீவு நாளில் மருந்தகத்துக்குப் போகும்போது பழைய சீட்டுகளையும் இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும், வரிசையில் நிற்கும்போதே குடியுங்கள். யூரின் டெஸ்டுக்குக் கேட்பார்கள்.